ஈரப்பதம் மாப்பிள்ளை பார்த்த ரயில்

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஈரப்பதத்தின் சந்தேகத்துக்கு ஆளாகாத மனிதனும் இல்லை, மாடும் இல்லை, மேகமும் இல்லை. நம்பாதவர்கள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் விசாரிக்க யாரோ வந்திருக்கிறார்கள் என்ற செய்தி, நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி முதல் டீயைக் குடிப்பதற்குள் அவருக்குப் போய்விடும். இரண்டாவது டீக்கு அவரே வந்து எதிரில் உட்கார்ந்திருப்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தனியார் அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் பிடித்துக்கொடுப்பது அவர் தொழில். களத்தில் குவித்துவைத்த நெல்லுக்குள் முழங்கை வரை கையை விடுவார். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். பிறகு வானத்தைப் பார்ப்பார். அவர் வாயைத் திறக்கும்வரை விவசாயி குடும்பத்தோடு மூச்சு விடாமல் நிற்பார்.

"ஈரப்பதம் இருக்கே."

"பூரா நாளும் வெயில்ல கிடந்த நெல்லுங்க. மிதிச்சா காலு சுடுது."

"மேல சுடும். அடியில ஈரம் இருக்கும். எதுவா இருந்தாலும் அடியிலதான் இருக்கும்."

இதே அளவுகோலைத்தான் அவர் மனிதர்களுக்கும் வைத்திருந்தார். ஒருவரைப் பற்றி அவர் சொல்லக்கூடிய அதிகபட்சப் பாராட்டு, "பய நல்ல பயதான், இன்னும் காயல" என்பது. ஊரில் பாதிப் பேர் காயாதவர்கள். மீதிப் பேரை அவர் இன்னும் கடித்துப் பார்க்கவில்லை.

யாராவது வணக்கம் சொன்னால், "எதுக்கு?" என்று கேட்பார். தம்பி வெளியூரிலிருந்து போன் செய்து "அண்ணே, நான் தம்பி பேசுறேன்" என்றால், "எந்தத் தம்பி?" என்பார். அவருக்கு இருப்பது ஒரே தம்பி. கோயிலுக்குப் போனால் செருப்பை ஜோடியாக விடமாட்டார். ஒன்றைக் கிழக்கு வாசலிலும் மற்றதை மேற்கு வாசலிலும் விடுவார். ஒற்றைச் செருப்பை எவனும் திருடமாட்டான் என்பது கணக்கு. ஒரு நாள் கிழக்கு வாசலைச் சீக்கிரமே பூட்டிவிட்டார்கள். ஒற்றைக் காலில் செருப்போடு வீடு திரும்பிய அவரிடம் மனைவி காரணம் கேட்டபோது, "என்னைக்கும் இல்லாம இன்னைக்குப் பூட்டுறான்னா, உள்ள ஏதோ நடக்குது" என்றாராம்.

இப்படிப்பட்டவர் முழு மனதாக நம்பியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்குப் போகும் ரயில்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்த பழைய பாதை அது. நடுவில் பல வருஷம் வண்டி இல்லாமல் கிடந்து, தண்டவாளத்தின் மேல் கருவேலம் முளைத்து, பிறகு அகலப் பாதையாகித் திரும்பி வந்தது. வந்த புதிதில் வழியிலிருந்த கேட்டுகளில் நிரந்தரமாக ஆள் கிடையாது. அதனால் கேட்காரர்கள் ரயிலிலேயே வருவார்கள். கேட் வருவதற்கு முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். வண்டி மெல்லக் கடந்து, வால் தாண்டியதும் மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கி, கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சாத்தியவரும் ஓடி வந்து தொற்றிக்கொள்வார். ஊதல் கேட்கும். வண்டி கிளம்பும். அடுத்த கேட்டில் இதெல்லாம் முதலிலிருந்து நடக்கும். அந்தப் பாதையில் கேட்டுகளுக்குப் பஞ்சமில்லை.

அவசரக்காரர்கள் பஸ்ஸில் போனார்கள். மற்றவர்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்கள். நடவு முடிந்த வயலில் தண்ணீர் வானத்தைப் பிடித்து வைத்திருக்கும். வரப்பில் நிற்கும் கொக்கு, ரயிலைப் பார்த்துப் பறப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ரயில் நின்றுவிடும், கொக்கும் உட்கார்ந்துவிடும். குரவப்புலம் தாண்டினால் மண் நிறம் மாறும். இறால் குட்டைகளில் காற்றாடி போலச் சக்கரம் சுற்றும். புயலில் தலை போன தென்னைகளுக்கு நடுவே புதிதாக நட்ட கன்றுகள் இடுப்பளவு நிற்கும். வேதாரண்யம் போனதும் காற்றில் உப்பு. கடைசியில் உப்பளங்கள், வெயிலில் கண் கூசும் வெள்ளை. வண்டி மெதுவாகப் போனதால் இதையெல்லாம் பார்ப்பதோடு மட்டுமல்லாமல், வரப்பில் போகிறவரிடம் நடவு எப்போது முடிந்தது என்று கேட்டுப் பதிலும் வாங்கிக்கொள்ளலாம்.

ஈரப்பதம் அந்த வண்டியில் வாரத்தில் பாதி நாள் போய்வருவார். ஏன் என்று கேட்டால், "நெல்லு பாக்க" என்பார். ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் நெல் பார்ப்பதாகத் தெரியாது.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குத் திருத்துறைப்பூண்டி நிருபர். புதிய ரயிலில் கூட்டம் எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். பெட்டியில் ஏறி விரலால் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு குடைக்கம்பு என் நெஞ்சை மறித்தது.

"என்ன எண்ணுறீங்க?"

"ஆளுங்களை ஐயா. பேப்பருக்கு."

"ஆள் இல்லன்னு எழுதுவீங்க. அதை எவனாவது படிப்பான். வண்டிய நிறுத்துவான். அதானே திட்டம்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து நின்று பெட்டிக்கே உத்தரவு போட்டார். "அம்மாடி, மூணு பேரும் ஒரே சீட்ல என்ன குசுகுசுன்னு? ஆளுக்கு ஒரு ஜன்னலாப் போய் உக்காருங்க. ஏம்ப்பா, நீ அந்தப் பக்கம் போ. வெளியிலேர்ந்து பாக்குறவனுக்கு வண்டி நெறஞ்சு தெரியணும்." மறுபேச்சுப் பேசாமல் எல்லோரும் ஜன்னலுக்கு ஒருவராகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். புருஷன் பெண்டாட்டி கூட ஆளுக்கொரு மூலை. "கூட்டம் பரவலாக இருந்தது" என்று எழுதினேன். என் தொழில் வாழ்க்கையில் அதைவிடத் துல்லியமான வரி எழுதியதாக நினைவில்லை. மறுநாள் அவர் அதைப் படித்துவிட்டு, "பேப்பர் தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எதுக்கு நல்லா எழுதினீங்க?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார அனுமதித்தார். அப்போதுதான் அவருடைய ரயில் சாஸ்திரம் தெரிந்தது.

"நெல்ல வெயில்ல காயவைக்கணும். மனுசன இந்த வண்டியில காயவைக்கணும். ஒருத்தன நம்பலாமா கூடாதான்னு தெரியணும்னா இதுல ஏத்து. நாலு கேட் தாண்டுறதுக்குள்ள அவன் யாருன்னு தெரிஞ்சுடும்."

இதை அவர் வெறும் பேச்சாக வைத்திருக்கவில்லை. உறவில், அக்கம்பக்கத்தில் யாருக்கு மாப்பிள்ளை பார்த்தாலும், பையனை ஈரப்பதத்தோடு அகஸ்தியம்பள்ளி வரை ஒரு தடவை அனுப்பிவைப்பார்கள். ஜாதகம் பொருந்திய பிறகு இது. துபாயிலிருந்து லீவில் வந்த ஒரு பையன், ஒவ்வொரு கேட்டிலும் "எங்க ஊர்ல இதெல்லாம் கிடையாது" என்றான். "எது உன் ஊரு?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். இன்னொருவன் ஏறியதிலிருந்து, "காத்து பிரமாதம் மாமா, பச்சைப் பசேல்னு என்னமா இருக்கு மாமா" என்று உருகினான். அவனும் போய்விட்டான். "காத்தைப் புகழுறவன் நாளைக்கு என்னையும் புகழுவான். யாருக்கு வேணும்?" யார்தான் தேறினார்கள் என்று கேட்டேன். "ஒருத்தன் மேல சந்தேகத்தோட சம்மதிச்சிருக்கேன்" என்றார். அந்தத் தம்பதிக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அவருக்குச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

இப்படி ஊர் மாப்பிள்ளைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தவருக்கு, சொந்த வீட்டிலேயே நாள் வந்தது.

அவருக்கு ஒரே மகள், சுகன்யா. மருத்துவமனையில் நர்ஸ். ஒரு நாள் பஸ் நிலையத்து டீக்கடையில் என்னைத் தேடி வந்தாள்.

"சார், அப்பா நாளைக்கு ஒருத்தரை வண்டியில ஏத்துறாரு. நீங்களும் கூட போகணும்."

"யாருக்குப் பார்த்த மாப்பிள்ளை?"

"எனக்கு. நான் பார்த்தது."

பெயர் அருள். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே ஆம்புலன்ஸ் டிரைவர். நல்ல பையன், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. ஒரே ஒரு குறை.

"மூடின கேட்டைப் பார்த்தாலே அவருக்கு உடம்பு என்னவோ பண்ணும் சார். கட்டில் கால்ல உக்காந்தாக்கூட ஆக்சிலேட்டர மிதிப்பாரு. இந்த வண்டியில எப்படி சார் தாக்குப் பிடிப்பாரு?"

"அப்பா வேண்டாம்னுட்டா?"

டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "நான் ஓடிப்போக மாட்டேன். வேற யாரையும் கட்டவும் மாட்டேன். அவ்வளவுதான் சார்." கொஞ்சம் பொறுத்து, "அப்பா அவரைப் பத்தி எல்லாம் கேட்டாரு. எந்தப் பக்கம் படுப்பான், கோவம் வந்தா சாப்பிடுவானா மாட்டானான்னுகூடக் கேட்டாரு. எங்க சொந்தக்காரங்க முதல்ல கேக்குற கேள்விய மட்டும் கேக்கல. எந்தத் தெருன்னு கேக்கவே இல்ல. அதான் பயமா இருக்கு. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் கேக்கலியோன்னு" என்றாள்.

பத்திரிகைக்காரனுக்குச் சோறு போடுவதே சந்தேகம்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை வண்டி. அருள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். ஈரப்பதம் குடையும் ரெக்ஸின் பையுமாக வந்தார். பையை மேலே பலகையில் வைத்துவிட்டு, அருளிடம் சொன்ன முதல் வாக்கியம்: "என் பையைத் தொடக் கூடாது."

"சரிங்க ஐயா."

"ஏன் உடனே சரின்னுட்டே?"

அருள் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வண்டி கிளம்பியது. ஈரப்பதம் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

"நீங்க முதல்ல எடுத்துக்குங்க ஐயா."

"ஏன், விஷம் வச்சிருக்கேன்னு நெனைக்கிறியா?"

"ஐயோ, மரியாதைக்குங்க."

"மரியாதையா?" என்று, ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவர் போல என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் கேட். வண்டி நின்றது. அருளின் வலது கால் தரையை மிதித்தது. நடு விரலும் ஆள்காட்டி விரலும் முழங்காலில் எதையோ தேடின. சைரன் சுவிட்ச் அங்கே இல்லை. ஈரப்பதம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வேலைக்கு ஏன் வந்தே?"

"சேவைங்க ஐயா."

"ம்."

வண்டி கிளம்பி, நின்று, கேட் திறந்து, மறுபடி கிளம்பியது. இரண்டாவது கேட்.

"இந்த வேலைக்கு ஏன் வந்தேன்னு சொன்னே?"

"வண்டி ஓட்டறதுன்னா பிடிக்குங்க."

"ம்."

கரியாப்பட்டினம் தாண்டி ஒரு வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் நிமிர்ந்து ரயிலைப் பார்த்தார்கள். ஈரப்பதம் வெளியே பார்த்தபடியே மூன்றாவது தடவை அதே கேள்வியைக் கேட்டார். அருளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் பதில் சொன்னான்.

"ஆம்புலன்ஸ் வந்தா ரோட்டுல எல்லாரும் ஒதுங்கி வழி விடுவாங்க. எங்க ஆளுங்களுக்கு யாரும் அப்படி வழி விட்டு நான் பார்த்ததில்ல. அதான்."

ஈரப்பதம் என் காதருகே குனிந்து, "மூணாவது தடவை சொல்றதுதான் அடியில இருக்குறது" என்றார். அது நல்லதா கெட்டதா என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

அடுத்த கேட்டில் அருளால் முடியவில்லை. "ஐயா, ஒரு நிமிஷம்" என்று குதித்து இறங்கி முன்னால் ஓடினான். கேட்காரர் ஒரு பக்கக் கதவைச் சாத்த, இவன் தண்டவாளம் தாண்டிப் போய் மறுபக்கக் கதவைத் தள்ளிச் சாத்தினான். கேட்காரர் சிரித்துக்கொண்டே தோளில் தட்டினார். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. அருள் வேர்வையோடு திரும்பி வந்து உட்கார்ந்தான். கால் ஆட்டம் நின்றிருந்தது.

குரவப்புலம் தாண்டியும் அதே போல இறங்கினான். இப்போது ஈரப்பதத்துக்குத் தாங்கவில்லை.

"எதுக்கு இறங்குறான்?"

"கேட் சாத்த உதவி பண்றான் ஐயா."

"எவனும் எவனுக்கும் சும்மா உதவமாட்டான். முன்னால போய் யாருக்கோ போன் பேசுறான். வாங்க, பாத்துட்டு வரலாம்."

"இங்கேர்ந்தே தெரியுமே."

"சாட்சி வேணும். வாங்க பேப்பர் தம்பி."

அவன் இடதுபக்கம் இறங்கியதால், நாங்கள் வலதுபக்கம் இறங்கினோம். மேட்டுச் சரிவில் சறுக்கிப்போய், ஒரு கருவேலம் புதருக்குப் பின்னால் பதுங்கினோம். வேவு பார்க்கத் தோதான இடம்தான். ஆனால் அது வாய்க்கால் கரை. முந்தின நாள் மழை. ஈரப்பதத்தின் ஒரு கால் சேற்றில் இறங்கி, கணுக்கால் வரை போய், அங்கேயே தங்கிவிட்டது. அருள் கேட்டைத் தள்ளினான். போனும் பேசவில்லை, பீடியும் பிடிக்கவில்லை. முன்பெட்டியில் ஏறிவிட்டான். வண்டி எங்களைத் தாண்டி ஊர்ந்து போய் நின்றது. பின்னாலிருந்தவர் இறங்கிக் கேட்டைத் திறந்தார். நான் ஈரப்பதத்தின் காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"செருப்பு உள்ள இருக்கு, விடாதீங்க!"

"வண்டி போயிடும் ஐயா!"

செருப்பு வந்தது. வண்டி போய்விட்டது.

வெட்டவெளி. நாலு பக்கமும் நடவு வயல், தலைக்கு மேல் வெயில், தண்டவாளத்தின் மேல் நாங்கள் இருவர், ஒருவர் காலில் சேறு. ஈரப்பதம் போகும் ரயிலைப் பார்த்துச் சொன்னார்:

"பையோட போயிட்டான்."

"அவனுக்கு நாம இறங்கினதே தெரியாது ஐயா."

"அதான் சொல்றேன். தெரியாத மாதிரியே போயிட்டான்."

அவர் போன் பைக்குள் இருந்தது. என் போனிலிருந்து அதைக் கூப்பிட்டோம். முழுதாக அடித்து நின்றது. மறுபடியும். எடுக்கவில்லை. "பாத்தீங்களா? எடுக்க மாட்டேங்குறான். இனிமே ஆஃப் பண்ணுவான்." ஆஃப் ஆகவில்லை. "ஆஃப் பண்ணாம இருக்கான் பாருங்க, எவ்வளவு தந்திரம்."

எங்கள் பக்கத்து நிலத்தில் ஒரு வசதி, எதுவும் எதையும் மறைக்காது. ரயில் தூரத்தில் அடுத்த கேட்டில் நிற்பது தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி உதிர்ந்தது.

"இறங்கி ஓடுறான்!" என்று கத்தினார்.

"நம்மளப் பார்த்துத்தான் ஓடி வர்றான் ஐயா."

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "ஏன் வர்றான்?"

புள்ளி சட்டையாயிற்று, சட்டை அருள் ஆயிற்று. ரயில் கிளம்பிப் போய்விட்டது. அவன் எங்கள் முன்னால் வந்து, முழங்காலில் கையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினான். கையில் பை இல்லை.

"பை எங்க?"

"வண்டியில... பின்னாடி கேட்காரர... பாத்துக்கச் சொன்னேன்."

"போன் அடிச்சுதே, ஏன் எடுக்கல?"

"பையத் தொடக் கூடாதுன்னீங்களே."

ஈரப்பதம் அடுத்ததைப் பிடித்துக்கொண்டார். "பைய விட்டுட்டு இங்க எதுக்கு ஓடி வந்தே?"

"உங்கள விட்டுட்டு பையோட போய் நின்னா, சுகன்யாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

ஈரப்பதம் மேலே வெயிலைப் பார்த்தார். குடையும் வண்டியில் போய்விட்டதை அப்போதுதான் கவனித்தவர் போலத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

நெய்விளக்கு ஸ்டேஷன் வரை தண்டவாளம் ஓரமாகவே நடந்தோம். அருளின் கால் இரண்டு எட்டில் முன்னால் போய்விடும். நின்று, திரும்பி, கிழவர் வரும்வரை இருப்பான். ஈரப்பதம் வேண்டுமென்றே அடிக்கடி நின்று நடவைப் பார்ப்பதாக எனக்குப் பட்டது. பாதி வழியில் அருளே வாயைத் திறந்தான்.

"ஐயா, ஊர்ல எல்லாரும் முதல்ல கேக்குறத நீங்க இன்னும் கேக்கல. எங்க தெரு எதுன்னு."

ஈரப்பதம் நடந்துகொண்டே சொன்னார். "நான் நெல்லு வாங்குறவன். காஞ்சிருக்கான்னுதான் பாப்பேன். எந்த வயல்ல வெளஞ்சுதுன்னு கேக்குறவன் வியாபாரி இல்ல, பங்காளி."

அருள் நின்று திரும்பிப் பார்த்தான்.

"அப்ப நான் காஞ்சிருக்கேனாங்க?"

"இப்ப வேர்வையில நனைஞ்சு நிக்கிறே. சொல்ல முடியாது."

ஸ்டேஷன் என்றால் ஒரு மேடை, ஒரு கூரை, ஒரு சிமெண்டு பெஞ்சு. அகஸ்தியம்பள்ளி போன வண்டியே திரும்பி வரவேண்டும். மூவரும் உட்கார்ந்தோம், அவர் நடுவில். தென்னந்தோப்புக் காற்று அடித்தது. எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது; இன்றுவரை போகவில்லை. இந்த மனிதர் வேண்டுமென்றே காலைச் சேற்றில் விட்டாரோ? வேறு எந்தக் கேட்டிலும் நடக்காத சோதனையை இந்தக் கேட்டில் நடத்திவிட்டாரோ? கேட்டே விடலாம் என்று திரும்பினேன்.

வாய் திறந்திருந்தது. தலை பின்னாலிருந்த தூணில் சாய்ந்திருந்தது. குறட்டை.

அருள் என்னிடம் கிசுகிசுத்தான். "நடிக்கிறாரா சார்?"

உற்றுப் பார்த்தேன். கடைவாயில் எச்சில் ஒழுகியது. அந்த அளவுக்கு யாராலும் நடிக்க முடியாது. அருள் கைக்குட்டையை எடுத்து, அவர் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்ட ஆரம்பித்தான். விரட்டிக்கொண்டே இருந்தான்.

வண்டி வந்தது. பின்னாலிருந்த கேட்காரர் ஜன்னல் வழியாகப் பையையும் குடையையும் நீட்டி, "ஏறுங்க, ஏறுங்க" என்றார். அருள் பையை வாங்கிக்கொண்டு, உதட்டில் விரலை வைத்தான். பெஞ்சைக் காட்டினான். கேட்காரர் பார்த்தார், சிரித்தார், தலையாட்டினார். மூடின கேட்டைப் பார்த்தால் உடம்பு என்னவோ பண்ணும் மனிதன், ஏறவேண்டிய ரயிலைக் கையசைத்து அனுப்பிவைத்தான்.

வண்டி போய் வெகுநேரம் கழித்து, பைக்குள் போன் அடித்தது. அருள் பையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். திறக்கவில்லை. அந்தச் சத்தத்தில் ஈரப்பதம் விழித்துக்கொண்டார்.

"வண்டி எங்க?"

"போயிடுச்சுங்க."

"ஏன் எழுப்பல?"

"தூங்கிட்டிருந்தீங்க."

"தூங்குறவனத்தானேடா எழுப்பணும்! முழிச்சிருக்கிறவன எதுக்கு எழுப்பறது?" என்று என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் சேர்ந்து என்ன திட்டம்?"

பையை வாங்கி, ஜிப்பைச் சோதித்து, போனை எடுத்தார். சுகன்யா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான்.

"அப்பா, எங்க இருக்கீங்க? ஸ்டேஷன்லதான் நிக்கிறேன், வண்டி வந்துடுச்சு, உங்கள யாரையும் காணும்."

"தவறிப்போச்சு."

"எப்படிப்பா?"

"இவனாலதான். எழுப்பல."

"எழுப்பலயா? யாரை?"

"என்னைத்தான். தூங்கிட்டேன்."

சுகன்யா நம்பாத குரலில் கேட்டாள். "அப்பா... நீங்களா? வெளியிலயா? அத்தை வீட்டுக் கல்யாணத்துலகூட ராப்பூரா உக்காந்தே இருந்தீங்களேப்பா."

ஈரப்பதம் போனையே பார்த்தார். பிறகு தன் காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார். "களைப்புதான்" என்றார். அதற்குள் அந்தப் பக்கம் அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. அருள் முகத்தைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

போனை வைத்தவர் எழுந்து வேட்டியை உதறினார். "இவனும் வீட்டுக்கு வரட்டும். வண்டி ஏன் தவறிச்சுன்னு உங்க அத்தைகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அவ நம்பமாட்டா." முதல் வாக்கியம் எனக்கு. மற்ற இரண்டும் அவனுக்கு. 'உங்க அத்தை' என்று அவர் சொன்னது அவர் மனைவியைத்தான்.

மெயின் ரோட்டில் வேதாரண்யத்திலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறினோம். நல்ல கூட்டம். பின்னால் ஒரே ஒரு ஜன்னல் சீட் காலியாகியது. அருள் அவருக்கு இடம் பிடிக்கப் பாய்ந்தான். ஈரப்பதம் அவன் தோளைப் பிடித்து அழுத்தி அதில் அவனையே உட்காரவைத்தார்.

"நீங்க உக்காருங்க ஐயா."

"பேசாம உக்காருடா. அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கே."

கொஞ்ச தூரம் போனதும் பையன் தூங்கிவிட்டான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஈரப்பதத்தை இடித்துக்கொண்டு போனார்கள். யாரையும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. பஸ் குலுங்கும்போது மாப்பிள்ளையின் தலை ஜன்னல் கம்பியில் மோதாமல் இருக்க, திருத்துறைப்பூண்டி வரும்வரை உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டு நின்றே வந்தார்.